அந்த எட்டுப் பேர்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை ஒரு வேகத்தடையாகத்தான் பார்த்திருப்பீர்கள். உப்பளம் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. வெயில் காலத்தில் போனால் கண் கூசும். வரப்புக்கு வரப்பு வெள்ளைக் குவியல். எங்கே மழை வந்துவிடுமோ என்று கீற்றுப் போட்டு மூடிய அம்பாரங்கள். வண்டியை நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்வோம். அப்புறம் நேரே பாண்டிதான். அங்கே யாருக்கு என்ன வேலை என்பது அவரவர் சொந்த விஷயம்!

சமீபத்தில் அந்த வழியாகப் போனபோது டீ குடிக்க மரக்காணத்தில் இறங்கினோம். கூட வந்தவர் என் பழைய நண்பர். லண்டனில் பல வருஷமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர். இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். காரில் ஏறியதிலிருந்து எங்களுக்குள் ஒரே சண்டை. சொத்துத் தகராறு இல்லை, பிரெக்ஸிட்! 2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறலாமா என்று வாக்கெடுப்பு நடந்ததே, அதில் இவர் 'வெளியேறு' என்று ஓட்டுப் போட்டவர். நான் அவரைக் கிண்டல் செய்ய, அவர் கோபப்பட, டீக்கடை பெஞ்சு வரைக்கும் அது தொடர்ந்தது.

பெஞ்சின் மறுகோடியில் ஒரு பெரியவர். எண்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். உப்பளத்திலேயே வெந்து கறுத்த கால்கள். நாங்கள் கத்துவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாரு தம்பி, எங்கேர்ந்து வெளிய போனாங்க?" என்றார்.

நண்பர் விளக்கினார். இருபத்தெட்டு நாடு சேர்ந்து ஒரு கூட்டு வைத்திருந்தது, அதற்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சரக்குப் போனால் சுங்கம் கிடையாது, பிரிட்டன் அதிலிருந்து விலகிவிட்டது, இப்போது நடுவில் சோதனை, தாள், கையெழுத்து எல்லாம் உண்டு என்று.

பெரியவர் சிரித்தார். "அதான் எங்க பாண்டில நடந்துச்சே. நான் சின்னப் பையன். ஒருநாள் திடீர்னு நடுவுல சாவடி போட்டுட்டான். எங்கம்மா பாண்டிக்குப் போவும்போது ஒரு பொடவை, வரும்போது ரெண்டு பொடவை. மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு!"

நானும் நண்பரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிரெக்ஸிட் பற்றி இங்கிலீஷ் பத்திரிகைகளில் எவ்வளவோ படித்திருக்கிறேன். முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பிரெக்ஸிட் நடந்து முடிந்திருப்பது எனக்கு உறைத்ததே இல்லை.

*

பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அரசியலில் அது பிரான்ஸோடு சேர்ந்திருந்தது. வியாபாரத்தில் நம்மோடு சேர்ந்திருந்தது. ஒரே ஊர், ரெண்டு கூட்டு.

அரசியல் கூட்டின் பெயரே 'பிரெஞ்சு யூனியன்'. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1946-ல் பிரான்ஸ் தன் காலனிகளை எல்லாம் சேர்த்து வைத்த புதுப் பெயர் அது. பெயர்ப்பலகையைத்தான் மாற்றினார்கள், கடை பழசுதான் என்று சொன்னவர்கள் உண்டு. வியாபாரக் கூட்டு என்பது 1941-ல் பிரிட்டிஷ் இந்தியாவோடு செய்துகொண்ட சுங்க ஒப்பந்தம். உள்ளுக்குள் சோதனை வேண்டாம், வெளியிலிருந்து வரும் சரக்குக்கு இரண்டு பக்கமும் ஒரே சுங்கம் என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுப் பாண்டிச்சேரி ஒரே துண்டாக இருந்ததில்லை. அப்பளத்தை நொறுக்கித் தென்னாற்காடு மாவட்டத்தின் மேல் தூவிய மாதிரி இருக்கும். இன்றைக்கும் மரக்காணத்திலிருந்து தெற்கே போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் போய்க்கொண்டே இருப்பீர்கள், கனகசெட்டிக்குளம் வந்ததும் புதுச்சேரி. காலாப்பட்டு தாண்டியதும் மறுபடி தமிழ்நாடு. கோட்டக்குப்பம் முடிந்தால் மறுபடி புதுச்சேரி. அரை மணி நேரத்தில் மூன்று எல்லை!

இந்தக் கரையில் கூட்டுக்கும் பிரிவினைக்கும் ஒரு உப்புக் கதையும் இருக்கிறது. நெப்போலியன் சண்டையெல்லாம் முடிந்து பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்த சமயம், 1815-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு ஒப்பந்தம் போட்டது. பிரெஞ்சுப் பகுதியில் விளையும் உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் வாங்கும். பதிலுக்குப் பிரெஞ்சு அரசுக்கு வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். மூன்று வருஷம் கழித்து உப்பு விளைப்பதையே நிறுத்தச் சொல்லி, அளத்துச் சொந்தக்காரர்களுக்கு நஷ்ட ஈடாக வருஷத்துக்கு 4,000 நட்சத்திர வராகன் என்று இன்னொரு ஒப்பந்தம். கடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, கையில் வேலையும் இருக்கிறது. உப்பு எடுக்கக் கூடாது. காரணம், ரெண்டு அரசாங்கமும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. அளத்தில் இறங்கிக் கூலிக்கு உப்பு வாரியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

*

1947-ல் நமக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. பாண்டிச்சேரிக்கு வரவில்லை. அடுத்த வருஷம் ஜூனில் இரண்டு அரசும் ஒத்துக்கொண்ட முடிவு: மக்களையே கேட்டுவிடலாம். பிரெஞ்சு யூனியனில் இருப்பதா, வெளியேறுவதா?

வங்காளத்தில் இருந்த சந்திரநாகூரில் மட்டும் 1949 ஜூன் 19-ம் தேதி அந்த வாக்கெடுப்பு நடந்தது. பிரெஞ்சு யூனியனில் இருக்கிறோம் என்றவர்கள் 114 பேர்தான். வெளியேறுகிறோம் என்றவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, யானத்தில் அந்த வாக்கெடுப்பு கடைசி வரைக்கும் நடக்கவே இல்லை. நேர்மையாக நடக்காது என்று இந்தியா சந்தேகப்பட்டது. 1948-ல் நடந்த நகராட்சித் தேர்தலிலேயே முறைகேடு, அடிதடி என்று ஏகப்பட்ட புகார்.

அதற்குள் இந்தியா இன்னொரு ஆயுதத்தை எடுத்தது. 1949 ஏப்ரலில் சுங்க ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. பெரியவர் சொன்ன சாவடி அப்போது வந்ததுதான். நேற்று வரைக்கும் வயலாக இருந்த இடம் இன்றைக்கு எல்லை. வீடு ஒரு பக்கம், நிலம் ஒரு பக்கம். பாண்டிச்சேரியின் பஞ்சாலைகளுக்குப் பருத்தி இந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், துணி இந்தப் பக்கம் வந்து விற்க வேண்டும். அவ்வளவுக்கும் இப்போது வரி. இன்னொரு பக்கம், வெளிநாட்டுச் சரக்கு பாண்டித் துறைமுகத்தில் இறங்கி, இரவோடு இரவாக வரப்பு வழியாக இந்தியாவுக்குள் நடந்தது. தங்கம், கைக்கடிகாரம், மது. கடத்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1954-ல் இந்தியா பிடியை இன்னும் இறுக்கியது. சாமான் போக்குவரத்துக்குக் கெடுபிடி, ஆள் போக்குவரத்துக்குப் பர்மிட்.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த 'பாண்டிச்சேரி இணைப்பு' பாடத்தில் இந்தப் பக்கம் இருந்ததா? என் புத்தகத்தில் இல்லை. தேசபக்தி மட்டும்தான் இருந்தது. தேசபக்தி நிஜம்தான், நான் மறுக்கவில்லை. வ.சுப்பையா மாதிரி தலைவர்கள் அதற்கு முன்பே ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டியிருக்கிறார்கள். 1936 ஜூலை 30-ம் தேதி பிரெஞ்சு போலீஸின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்திருக்கிறார்கள். அந்த ரத்தத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, "நீயாக முடிவு பண்ணு" என்று சொல்வதும் சுத்தமான ஜனநாயகம் இல்லை. நாம் ஜெயித்த பக்கம் என்பதால் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

அப்புறம் ஒரு திருப்பம். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் எதுவார் குபேர். வருஷக்கணக்காகப் பிரெஞ்சுக்காரர்களுக்கு வலது கையாக இருந்தவர். 1954 மார்ச்சில் சட்டென்று கட்சி மாறாமலே பக்கம் மாறினார். இந்தியாவோடு சேர வேண்டும் என்றார். நெட்டப்பாக்கத்தில் ஒரு தற்காலிக அரசே அமைத்தார். பின்னாளில் பாண்டிச்சேரியின் முதல் முதலமைச்சரும் அவர்தான்! பிரிட்டனில் போரிஸ் ஜான்சன் என்ன செய்தார் தெரியுமா? 2016-ல் தன் பத்திரிகைப் பத்திக்கு இரண்டு கட்டுரை எழுதினார். ஒன்று 'இருக்கலாம்', இன்னொன்று 'வெளியேறலாம்'. இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு ஒன்றை அச்சுக்கு அனுப்பினார். பின்னாளில் பிரதமர். குபேருக்கு முன்னால் ஜான்சன் கத்துக்குட்டி!

*

1954 அக்டோபர் 18. பாண்டிச்சேரிக்கு மேற்கே இருக்கும் கீழூர். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேர 170 ஓட்டு. எதிர்த்து 8.

மூன்றே நாளில், அக்டோபர் 21-ல் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. பிரிட்டனுக்கு ஓட்டுப் போட்டதிலிருந்து வெளியே வர 2020 ஜனவரி 31 வரை, மூன்றரை வருஷம் ஆயிற்று. நமக்குப் பதினாலே நாள்!

அந்த 178 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் இந்தக் கேள்வி நேராகப் போகவில்லை. 1815-ல் உப்பு வாரியவனைக் கேட்கவில்லை. 1954-ல் அவன் பேரனுடைய பேரனையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்று நானும் நம்புகிறேன். இருந்தாலும், 'கேட்டிருந்தால் வந்திருக்கும்' என்பதும் 'கேட்டோம், வந்தது' என்பதும் ஒன்றில்லை.

சரி, இது குறை. இனி நிறை. எனக்கு அந்த 170 பேரை விட எட்டுப் பேர் மேல்தான் அக்கறை.

ஊர் முழுக்க ஒரு பக்கம் நிற்கும்போது எழுந்து "வேண்டாம்" என்று சொல்ல ஏதோ ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். பிரெஞ்சுப் படிப்பாக இருக்கலாம். சைகோனில் வேலை பார்த்த அண்ணனாக இருக்கலாம். பென்ஷனாக இருக்கலாம். சாவடி வழியாகக் கிடைத்த வரும்படியாகக்கூட இருக்கலாம். காரணம் நல்லதோ கெட்டதோ, தோற்ற பக்கம் அது. தோற்ற பக்கத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் நான் பார்க்க விரும்புவது.

1956 மே 28-ம் தேதி இந்தியாவும் பிரான்ஸும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். ஆச்சரியமாக இருக்கும். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறாயா? ஒப்பந்தம் அமலுக்கு வந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடு, இருந்துகொள். பிரெஞ்சு மொழியா? மக்கள் பிரதிநிதிகள் வேண்டாம் என்று முடிவு செய்கிற வரைக்கும் அது ஆட்சி மொழி. இந்தப் பகுதியின் தனி நிர்வாக அமைப்பா? மக்களின் விருப்பத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மாற்றலாம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடமா? நடக்கட்டும்.

அல்ஜீரியச் சண்டை முடிகிற வரைக்கும் பிரெஞ்சு நாடாளுமன்றம் இதை இழுத்தடித்தது தனிக்கதை. 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி எல்லாம் முடிந்தது. சில ஆயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். பாண்டியில் 'சொல்தா' என்று சொல்வார்களே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், அவர்களுக்கு பென்ஷன் தவறாமல் வந்தது. பிரான்ஸில் ஜனாதிபதித் தேர்தல் என்றால் இன்றைக்கும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வாக்குச்சாவடி வைக்கிறார்கள். முண்டாசு கட்டிய ஒருவர் பாரீஸில் யார் ஆள வேண்டும் என்று ஓட்டுப் போட்டுவிட்டு, வழியில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இதனால் இந்தியா உடைந்துவிட்டதா? இல்லையே!

ஓஹோ என்று நான் புகழவில்லை. ஆறு மாதக் கெடு, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஆறு மாதமும் ஒன்றுதான், ஆறு நிமிஷமும் ஒன்றுதான். வாய்ப்பு தாண்டிப்போய் அண்ணன் பிரெஞ்சுக்காரன், தம்பி இந்தியன் என்று நின்ற குடும்பங்கள் உண்டு. அப்புறம், அந்த எட்டுப் பேர் பக்கத்தில் பிரான்ஸ் என்ற ஒரு அரசாங்கம் பேரம் பேச நின்றது. யாரும் பேரம் பேச இல்லாத சிறுபான்மைக்கு இதெல்லாம் கிடைத்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. ஆனாலும் காகிதத்தில் எழுதினார்கள். எழுதிய பிறகு நடந்தார்கள்.

*

இப்போது லண்டனுக்கு வருவோம்.

2016 ஜூன் 23. கேள்வி ஒரே வரி: இருப்பதா, வெளியேறுவதா? மூன்று கோடியே முப்பது லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். வெளியேற 51.9 சதவிகிதம். இருக்க 48.1. இங்கே 178 பேர், அங்கே மூன்று கோடி. ஜனநாயகத்தில் அவர்கள்தான் நம்மை விட உசத்தி, சந்தேகமே இல்லை.

ஆனால் வெளியேறுவது என்றால் என்ன? சுங்கக் கூட்டையும் சேர்த்து விடுவதா, அதை மட்டும் வைத்துக்கொள்வதா? அயர்லாந்து எல்லையில் சாவடி வருமா? ஏற்கெனவே வந்து குடியேறிய பிரெஞ்சுக்காரர், போலந்துக்காரர் கதி என்ன? ஓட்டுச் சீட்டில் எதுவும் இல்லை. ஓட்டை எண்ணிய பிறகுதான் அதையெல்லாம் யோசிக்க உட்கார்ந்தார்கள். அப்போதைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்தை அவர்கள் நாடாளுமன்றம் 2019-ல் மூன்று முறை தூக்கி எறிந்தது. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் 'இருக்கிறோம்' என்று சொல்லியும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். 2021 ஜனவரியில் மீன் ஏற்றுமதிக்காரர்கள் லாரிகளைக் கொண்டுவந்து பிரதமர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போராடினார்கள். எல்லையில் தாள் வேலை முடிவதற்குள் மீன் அழுகுகிறதாம். மீனவர்கள்தான் 'வெளியேறு' பக்கம் அதிகம் கொடி பிடித்தவர்கள் என்பது கொசுறுத் தகவல்.

இன்னொரு வேடிக்கை. அந்த வாக்கெடுப்பில் யார் ஓட்டுப் போடலாம் என்று ஒரு விதி. பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் போடலாம். அதனால் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்த என் நண்பர் போட்டார். ஆனால் முப்பது வருஷம் அங்கேயே இருந்து வரி கட்டிய பிரெஞ்சுக் குடிமகன் போட முடியாது.

"உனக்குத் தெரிந்த பிரெஞ்சுக்காரர் யாராவது?" என்று நண்பரைக் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் டீ டம்ளரையே பார்த்தார். "எங்க தெருவுலயே ஒருத்தர் இருக்கார். பாண்டிச்சேரிக்காரர். தாத்தா சொல்தா. அறுபத்திரண்டுல எழுதிக் குடுத்துட்டார். பேரன் பிரெஞ்சு பாஸ்போர்ட்ல லண்டன் வந்து மளிகைக் கடை வெச்சிருக்கார். நான்தான் அவர் கடைக்குக் கணக்கு எழுதறேன்."

அந்த மளிகைக்கடைக்காரருக்கு ஓட்டு இல்லை. அவருடைய கணக்குப்பிள்ளைக்கு ஓட்டு உண்டு. கணக்குப்பிள்ளை 'வெளியேறு' என்று குத்தினார். பிறகு மளிகைக்கடைக்காரர் 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பம் போட்டு, இத்தனை வருஷம் இங்கேதான் இருந்தேன் என்று பழைய பில், பேங்க் தாள் எல்லாம் தேடி எடுத்து நிரூபித்தார். தேடிக் கொடுத்தவரும் நம் கணக்குப்பிள்ளைதான். பாவத்துக்குப் பரிகாரம்!

"நீ ஏன்தான் அப்படிப் போட்டாய்?" என்றேன்.

"ஐரோப்பாக்காரங்க வர்றது குறைஞ்சா நம்ம ஊர்லேர்ந்து சமையல்காரங்களுக்கு விசா ஈஸியாக் கிடைக்கும்னு அப்ப பிரசாரம் பண்ணாங்கப்பா. மச்சான் ஒருத்தன் இருந்தான்…"

உண்மைதான். இந்திய, வங்காள உணவகங்களைக் காப்பாற்ற வெளியேறுங்கள் என்று பிரீத்தி படேல் பிரசாரம் செய்தது பத்திரிகைகளில் வந்தது. ஒரு கண்டத்தோடு உறவை முறிப்பதா என்பது கேள்வி. பதில், மச்சானுக்கு விசா. நண்பரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நிபந்தனை எதுவும் எழுதாத வெற்றுத் தாளை நீட்டினால், அவனவன் தன் ஆசையைத்தான் அதில் எழுதிப் படிப்பான். அந்த அம்மாவின் ரெண்டாவது புடவையைப் போலத்தான் இதுவும். பெரிய மனுஷர்கள் எல்லை போட்டால், சின்ன மனுஷர்கள் அதில் தன் வீட்டுக்கு என்ன ஆகும் என்றுதான் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதில் தப்பே இல்லை.

*

கேட்பது, கேட்காமல் நல்லபடியாக எழுதுவது. இந்த இரண்டும் போக மூன்றாவது வழியும் உண்டு. கேள்வியையே தடை செய்வது.

அதே 1962. மே மாதம் ராஜ்யசபாவில் தன் முதல் பேச்சிலேயே அண்ணா திராவிட நாடு கேட்டார். இந்தியா என்கிற யூனியனிலிருந்து வெளியேறும் உரிமை. அக்டோபரில் சீன யுத்தம் வந்தது. அண்ணா பேச்சை நிறுத்தினார். 1963-ல் 16-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. இந்தியாவின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் தேர்தலில் நிற்கவே முடியாது. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. அண்ணா செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேள்வியைப் பூட்டி வைத்ததால் காரணங்கள் போய்விடவில்லை. அவை மாநில சுயாட்சி என்று வேறு வாசல் வழியாக வந்தன. 1969-ல் ராஜமன்னார் கமிட்டி, 1974-ல் சட்டமன்றத் தீர்மானம், இன்றைக்கு வரிப் பங்கு. வாயை மூடலாம், வயிற்றை மூட முடியுமா?

மூன்று வழியும் பார்த்துவிட்டோம். எது நல்லது? என்னைக் கேட்டால் எதுவும் தனியாக நல்லது இல்லை. பிரிட்டன் மாதிரி எல்லாரையும் கேள். பாண்டிச்சேரி மாதிரி, போனால் என்ன ஆகும் என்று எழுது. முதலில் எழுதிவிட்டு, அப்புறம் கேள். அதற்கு முன்னால் யாருடைய வயிற்றையும் இறுக்காதே. அவ்வளவுதான். சொல்வதற்குச் சுலபம். உலகத்தில் எந்த ஊரிலும் இந்த வரிசையில் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்றால், அதற்கும் ஒரு பாடம் பாண்டிச்சேரியிலேயே இருக்கிறது. 1979-ல் மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. மக்களின் விருப்பத்தைத் தெரிந்துகொள்ளாமல் மாற்றக் கூடாது என்று 1956-ல் எழுதியதை டெல்லி மறந்துவிட்டது. மக்கள் மறக்கவில்லை. ஊரே தெருவுக்கு வந்தது. கலவரம். துப்பாக்கிச் சூடு. பேச்சு நின்றது. ஒரு யூனியனிலிருந்து வெளியே வந்த அதே ஜனம், பேசும் மொழி ஒன்றாக இருந்தும் பக்கத்து வீட்டோடு சேர மாட்டேன் என்றது. எழுதிக் கொடுத்த வார்த்தைக்கு அவ்வளவு கனம்.

*

டீக்கு நான் காசு கொடுத்தேன். கிளம்பும்போது பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, சாவடி எடுத்தப்புறம் எல்லாம் சரியாப் போச்சா?"

"எங்க போச்சு? கனகசெட்டிக்குளத்துல நிறுத்திப் பாக்கறானே!"

நியாயம்தான். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்து நாடு முழுக்க ஒரே சந்தை ஆன பிறகும், மதுவும் பெட்ரோலும் அதற்குள் வரவில்லை. அந்த இரண்டுக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. எல்லையில் வரிசையாகக் கடைகள் இருப்பதும், திரும்பி வரும்போது நம் காரின் டிக்கியைத் திறக்கச் சொல்வதும் அதனால்தான். கூட்டு என்று ஒன்று முழுசாக எங்கேயும் கிடையாது. பிரிவு என்று ஒன்று முழுசாக எங்கேயும் கிடையாது. நடுவில் எப்போதும் ஒரு ரெண்டாவது புடவை இருக்கும்.

பெரியவர் உப்பளத்தைக் காட்டி ஒன்று சொன்னார். கடல் தண்ணியை உள்ளே விடுவது பெரிய வித்தை இல்லையாம். வெயில் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். உப்பு இறங்கிய பிறகு பாத்தியில் கொஞ்சம் கசப்புத் தண்ணி மிஞ்சும். அதைச் சரியான நேரத்தில், சரியான வழியில் வெளியே விடத் தெரிய வேண்டும். விடாமல் வைத்தால் மொத்த உப்பும் கசக்கும். "அது தெரியாதவன் அளத்துல எறங்கக் கூடாது தம்பி" என்றார்.

அடுத்த முறை எந்த டி.வி. விவாதத்திலாவது யாராவது "வெளியேறுவோம்" என்றோ, "வெளியேற விடமாட்டோம்" என்றோ கத்தினால், நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எத்தனை பேர் ஆதரவு என்று கேட்காதீர்கள். அது எண்ணினால் தெரிந்துவிடும்.

அந்த எட்டுப் பேருக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று கேளுங்கள்.